டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது... அப்போ தீ எப்படிப் பற்றுகிறது? பெட்ரோலை மாற்றி ஊற்றினால் என்ன ஆகும்?

பெட்ரோல் பங்கில் கார் போய் நின்றதும் ஊழியர் கேட்கும் முதல் கேள்வி, "பெட்ரோலா சார், டீசலா?" என்பதுதான். ஏதோ நினைப்பில், போன் பேசிக்கொண்டே தவறாகப் பதில் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். சில கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். மெக்கானிக் சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றும்.

இரண்டுமே கச்சா எண்ணெயிலிருந்து வருபவைதான். இரண்டுமே இன்ஜினுக்குள் போய் எரிபவைதான். அப்படியிருக்க, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் ஏன் இவ்வளவு பெரிய சேதம்?

இரண்டு இன்ஜின்களிலும் தீ பற்றும் விதம் வேறு. அதுதான் காரணம். பெட்ரோல் இன்ஜினில் தீ வைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் இன்ஜினில் அது கிடையாது. தீப்பொறியே இல்லாமல் டீசல் எப்படி எரிகிறது? இது தெரிந்தால் நம் வண்டிக்கு என்ன ஆபத்து, எதைச் செய்யக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே வரியில் பதில்

டீசல் இன்ஜின் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதை மிகக் கடுமையாக அமுக்குகிறது. அமுக்கிய வேகத்தில் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

சைக்கிள் பம்ப் ஞாபகம் இருக்கிறதா?

வீட்டில் சைக்கிளுக்குக் காற்று அடித்திருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். பத்து இருபது முறை வேகமாக அடித்த பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். உள்ளே வாஷர் உரசுவதும் ஒரு காரணம்தான். ஆனால் முக்கியக் காரணம் வேறு. காற்றை அமுக்க நாம் செலவழிக்கும் உழைப்பு, அந்தக் காற்றுக்குள் வெப்பமாக மாறுகிறது.

தென்கிழக்கு ஆசியாவின் பழங்குடி மக்கள் இந்த உண்மையை வைத்து நெருப்பே மூட்டினார்கள். மூங்கில், மரம் அல்லது கொம்பில் செய்த சிறு குழாய். அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் எளிதில் பற்றும் பஞ்சு போன்ற பொருளை வைத்து, ஓங்கி ஒரே அடி. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சூடாகி, பஞ்சில் கங்கு பிடித்துவிடும். தீக்குச்சியும் கிடையாது, சிக்கிமுக்கிக் கல்லும் கிடையாது.

டீசல் இன்ஜின் செய்வதும் இதே வேலைதான். என்ன, ஒரு நிமிடத்துக்கு ஆயிரம் முறை செய்கிறது.

பெட்ரோல் இன்ஜினில் என்ன நடக்கிறது?

வித்தியாசம் புரிய, முதலில் பெட்ரோல் இன்ஜினைப் பார்த்துவிடலாம். இங்கே பெரும்பாலும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைத்தான் பிஸ்டன் அமுக்குகிறது. சுமார் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கியதும் ஸ்பார்க் பிளக்கில் ஒரு பொறி தெறிக்கிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

'இன்னும் நன்றாக அமுக்கினால் இன்னும் சக்தி கிடைக்குமே' என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் போனால், பொறி வருவதற்கு முன்பே அல்லது தீ பரவி முடிவதற்குள், கலவை தன்னிஷ்டத்துக்குப் பற்றிக்கொள்ளும். இன்ஜினில் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வரும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

டீசல் இன்ஜினில் இந்தப் பயம் கிடையாது. காரணம், அமுக்கும்போது உள்ளே இருப்பது வெறும் காற்று. காற்று தனியாக எரியாது. எனவே எவ்வளவு வேண்டுமானாலும் துணிந்து அமுக்கலாம்.

எவ்வளவு அமுக்குகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் டீசல் கார். ஒரு சிலிண்டருக்கு 500 சிசி. பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே சுமார் 533 மில்லி காற்று இருக்கிறது. பிஸ்டன் மேலே போனதும் அவ்வளவு காற்றும் வெறும் 33 மில்லி இடத்துக்குள் அடைக்கப்படுகிறது. டீக்கடை கிளாஸில் பாதிகூட இல்லை.

அதாவது 16 மடங்கு சுருக்கம். இதைத்தான் 16:1 கம்ப்ரஷன் ரேஷியோ என்கிறார்கள். டீசல் இன்ஜின்களில் இது பொதுவாக 14 முதல் 22 வரை இருக்கும். பெட்ரோல் கார்களில் பொதுவாக 10, 12 என்ற அளவில் நின்றுவிடும்.

30 டிகிரி வெப்பத்தில் உள்ளே வந்த காற்று, இப்படிச் சுருங்கும்போது 500 முதல் 700 டிகிரி வரை சூடாகிறது. அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல 30 முதல் 50 மடங்கு ஆகிறது. டீசல் தானாகப் பற்ற சுமார் 210 முதல் 250 டிகிரி போதும். ஆக, தேவையான சூட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அங்கே தயாராக இருக்கிறது.

நான்கே அசைவுகள்... வரிசையாகப் பார்க்கலாம்

1. உறிஞ்சுதல்: பிஸ்டன் கீழே இறங்குகிறது. வால்வு திறந்து காற்று மட்டும் உள்ளே வருகிறது. டீசல் இன்னும் வரவில்லை.

2. அமுக்குதல்: வால்வுகள் மூடிக்கொள்கின்றன. பிஸ்டன் மேலே ஏறி காற்றை நசுக்குகிறது. காற்று கொதிக்கிறது.

3. எரிதல்: பிஸ்டன் உச்சியை நெருங்கும் நேரத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பனிமூட்டம் போலப் பீய்ச்சுகிறது. துளிகள் ஆவியாகி, சூடான காற்றோடு கலந்து, தானாகப் பற்றுகின்றன. பிஸ்டன் பலமாகக் கீழே தள்ளப்படுகிறது. சக்கரத்துக்குப் போகும் சக்தி இதுதான்.

4. வெளியேற்றுதல்: பிஸ்டன் மறுபடி மேலே வந்து புகையைச் சைலன்சர் பக்கம் தள்ளிவிடுகிறது.

இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், ஒவ்வோர் அசைவுக்கும் கிடைக்கும் நேரம் வெறும் 15 மில்லி விநாடி. ஒரு சிலிண்டரில் மட்டும் நிமிடத்துக்கு 1,000 முறை டீசல் பற்றுகிறது.

ஸ்பார்க் பிளக்கின் இடத்தில் யார்?

பெட்ரோல் இன்ஜினில், 'இப்போது எரி' என்று உத்தரவு போடுவது ஸ்பார்க் பிளக். டீசலில் அந்த வேலையைப் பார்ப்பது இன்ஜெக்டர். எப்போது டீசல் உள்ளே வருகிறதோ, அடுத்த நொடிக்கும் குறைவான நேரத்தில் தீ. அதனால் டீசல் வரும் நேரம்தான் தீ பற்றும் நேரத்தையே தீர்மானிக்கிறது.

வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் அதே இன்ஜெக்டர் வழியாகத்தான். டீசல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பொதுவாகக் காற்றின் அளவு கட்டுப்படுவதில்லை. பீய்ச்சும் டீசலின் அளவு கூடுகிறது, குறைகிறது. அவ்வளவுதான்.

ஆனால் இன்ஜெக்டரின் வேலை சாதாரணமானது இல்லை. உள்ளே ஏற்கெனவே பயங்கர அழுத்தத்தில் காற்று இருக்கிறது. அதை எதிர்த்துக்கொண்டு டீசல் நுழைய வேண்டும். அதுவும் தாரையாக விழக் கூடாது, மிக நுண்ணிய துளிகளாகச் சிதற வேண்டும். பெரிய துளியாக விழுந்தால் வெளிப்பக்கம் மட்டும் எரிந்து, மிச்சம் கரும்புகையாகிவிடும்.

இன்றைய 'காமன் ரெயில்' இன்ஜின்களில் டீசலின் அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று போகிறது. நம் கார் டயரில் இருப்பது இரண்டே சொச்சம் பார்தான். ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டீசலை ஒரே தடவையாகக் கொட்டாமல், முதலில் ஒரு துளி, பிறகு முக்கியப் பங்கு என்று தவணை தவணையாகப் பீய்ச்சுகிறார்கள்.

பழைய லாரி, வேன்களின் 'கடகட' சத்தத்துக்கும் இதில் விடை இருக்கிறது. டீசல் உள்ளே விழுந்ததும் உடனே பற்றாது, ஒரு மிகச் சிறிய தாமதம் உண்டு. அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் முழுவதும் ஒரே சமயத்தில் குப்பென்று பற்றும்போது வரும் சத்தம் அது. முதல் துளியை முன்கூட்டியே எரித்துவிடுவதால்தான் புதிய டீசல் கார்கள் அமைதியாக ஓடுகின்றன.

டீசல் மட்டும் ஏன் தானாகப் பற்றுகிறது?

கொஞ்சம் குழப்பமான இடம் இது. தீக்குச்சியைக் காட்டினால் சட்டென்று பற்றுவது பெட்ரோல்தான். டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது. (தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்!) பிறகு எப்படி இன்ஜினுக்குள் டீசல் முந்திக்கொள்கிறது?

பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே வேகமாக ஆவியாகும். அந்த ஆவியில் பொறி பட்டால் தீ. டீசல் மெதுவாக ஆவியாகும் கனமான எண்ணெய். ஆனால் அதன் மூலக்கூறுகள் பெரும்பாலும் நீளமான சங்கிலி போன்றவை. கடும் சூட்டில் அவை சீக்கிரம் உடைந்து, பொறி இல்லாமலே ஆக்சிஜனோடு வினைபுரியத் தொடங்கிவிடும்.

இந்தக் குணத்தை அளக்க 'சீட்டேன்' என்ற எண் இருக்கிறது. எண் கூடக் கூட, டீசல் தாமதமில்லாமல் தானாகப் பற்றும். இந்தியாவில் இப்போது விற்கப்படும் பிஎஸ்-6 டீசலுக்குக் குறைந்தபட்சம் 51 இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு 'ஆக்டேன்' என்ற எண். இது நேர் எதிர். எண் கூடக் கூட, பெட்ரோல் தானாகப் பற்றாமல் பொறி வரும்வரை பொறுமையாக இருக்கும்.

ஒன்று தானாகப் பற்ற வேண்டும், மற்றொன்று தானாகப் பற்றவே கூடாது. பங்கில் கேட்கும் அந்தக் கேள்வியின் அர்த்தம் இதுதான்.

யார் இந்த டீசல்?

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல். 1858 மார்ச் 18 அன்று பாரிஸில், ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மியூனிக்கில் பொறியியல் படித்தபோது, குளிர்பதனத் தொழில்நுட்பத்தின் முன்னோடியான கார்ல் வான் லிண்டே அவருடைய பேராசிரியர்.

அது நீராவி இன்ஜின்களின் காலம். எரிக்கும் நிலக்கரியில் பத்தில் ஒரு பங்கு சக்திகூட வேலையாக மாறவில்லை. மிச்சமெல்லாம் வெப்பமாக வீண். இந்த வீணடிப்பு மாணவர் டீசலின் மனதை உறுத்தியது. காற்றைக் கடுமையாக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளை எரித்தால் என்ன என்று யோசித்தார். 1893-ல் காப்புரிமை கிடைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 10, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் முதல் சோதனை. எரிபொருள் பற்றியது. ஆனால் அழுத்தம் எகிறி, அளவிடும் கருவியே வெடித்துச் சிதறியது. இயந்திரம் உருப்படியாக ஓடவில்லை. இருந்தாலும், பொறி இல்லாமல் பற்றும் என்பது நிரூபணமாகிவிட்டது. 1894 பிப்ரவரி 17 அன்று இன்ஜின் முதல்முறையாகத் தானாக ஓடியது. சுமார் ஒரு நிமிடம்தான்.

மேலும் மூன்று ஆண்டு உழைப்பு. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய அதிகாரபூர்வ சோதனையில், எரிபொருளின் சக்தியில் 26.2 சதவீதம் பயனுள்ள வேலையாக மாறியது. நீராவி இன்ஜின்கள் எட்டிப் பிடிக்க முடியாத அளவு அது.

இணையத்தில் சுற்றும் ஒரு தகவலையும் இங்கே சரிசெய்துவிடலாம். 1893 சோதனையிலேயே டீசல் கடலை எண்ணெயில் இன்ஜினை ஓட்டினார் என்று பலரும் பகிர்கிறார்கள். அது சரியல்ல. கடலை எண்ணெயில் ஓடும் டீசல் இன்ஜின் காட்டப்பட்டது 1900-ல், பாரிஸ் உலகக் கண்காட்சியில். காட்டியது ஓட்டோ நிறுவனம். டீசலின் பணியை நினைவுகூரும் வகையில் ஆகஸ்ட் 10 உலக உயிரி எரிபொருள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போன டீசல், காலையில் அறையில் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடல் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த பொருட்கள் அப்பாவுடையவை என்று அவருடைய மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, விபத்தா, கொலையா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

கிணற்றடி 'ஆயில் இன்ஜின்' சொல்லும் பாடம்

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குக் கிணற்றடியில் ஓடும் ஆயில் இன்ஜினைத் தெரிந்திருக்கும். பேட்டரி கிடையாது. பிளக் கிடையாது. கரண்ட் கனெக்‌ஷனும் கிடையாது. ஒரு ஹேண்டிலும் கனமான சக்கரமும்தான்.

அதை ஸ்டார்ட் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஒரு சின்ன லீவரைத் தூக்கி விடுவார்கள். இது வால்வைத் திறந்தபடி வைத்திருக்கும். காற்று அமுங்காமல் வெளியேறிவிடுவதால் ஹேண்டில் லேசாகச் சுற்றும். சக்கரம் நல்ல வேகம் பிடித்ததும் லீவரைப் போட்டுவிடுவார்கள். வால்வு மூடிக்கொள்ளும். சுற்றும் சக்கரத்தின் வேகம் பிஸ்டனை மேலே தள்ளி, காற்றை ஒரே மூச்சில் அமுக்கும். அடுத்த கணம் 'டப்... டப்... டப்டப்டப்' என்று இன்ஜின் உயிர்பெறும்.

ஏன் வேகமாகச் சுற்ற வேண்டும்? மெதுவாக அமுக்கினால், காற்றில் உருவாகும் சூடு சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாகக் கசிந்துவிடும். சூடு போதாவிட்டால் டீசல் பற்றாது.

கார், லாரிக்கும் இதே விதிதான். பேட்டரி கொஞ்சம் வீக் ஆனாலும் டீசல் வண்டி அடம் பிடிக்கும். ஸ்டார்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் போதிய சூடு உருவாகாது. பழைய டிராக்டர் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறினால், பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கசிகிறதா என்று மெக்கானிக் பார்ப்பதும் இதனால்தான்.

அப்போ டேஷ்போர்டில் ஒளிரும் சுருள் விளக்கு?

டீசல் காரில் சாவியைத் திருப்பியதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுருள் படம் ஒளிரும். அது 'க்ளோ பிளக்'. பெயரில் பிளக் இருந்தாலும் இது ஸ்பார்க் பிளக் கிடையாது. இதில் பொறி வராது. வாட்டர் ஹீட்டர் கம்பி போலச் சூடாகி, குளிர்ந்து கிடக்கும் சிலிண்டருக்குள் வெப்பம் ஏற்றிக் கொடுக்கும். நவீன க்ளோ பிளக்குகள் சில விநாடிகளில் 1,000 டிகிரியை நெருங்கிவிடும்.

இது ஸ்டார்ட் செய்வதற்கான உதவி மட்டுமே. இன்ஜின் சூடாகிவிட்டால் க்ளோ பிளக்குக்கு வேலை இல்லை. சென்னை வெயிலில் அந்த விளக்கு சட்டென்று அணைந்துவிடும். ஊட்டியின் ஜனவரிக் காலையில் அது அணையும்வரை பொறுத்திருந்து ஸ்டார்ட் செய்வது நல்லது.

அமுக்குவதால் என்ன லாபம்?

காற்றை எவ்வளவு சுருக்குகிறோமோ, எரிந்த பிறகு அது அவ்வளவு தூரம் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அதனால் ஒரே அளவு எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. டீசல் வண்டிக்கு மைலேஜ் கூட இதுதான் காரணம்.

பெரிய கப்பல் இன்ஜின்கள் எரிபொருளின் ஆற்றலில் பாதியை வேலையாக மாற்றுகின்றன. லாரி, பஸ், டிராக்டர், விசைப்படகு, ஜெனரேட்டர் என்று பாரம் இழுக்கும் இடமெல்லாம் டீசல் ஆட்சி செய்வது இப்படித்தான்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை

அதே அமுக்கம்தான் டீசலின் பிரச்சினைகளுக்கும் காரணம். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க இன்ஜின் கனமாக, உறுதியாக இருக்க வேண்டும். எனவே விலையும் கூடும்.

அடுத்தது புகை. பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் நன்றாகக் கலக்க நேரம் கிடைக்கிறது. டீசலுக்கோ கடைசி நேரத்தில் சில மில்லி விநாடிகள்தான். சரியாகக் கலக்காத இடத்தில் டீசல் அரைகுறையாக எரிந்து கரித்துகளாகிறது. மிகச் சூடாக எரியும் இடத்திலோ, காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிறது. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றொன்று கூடும் என்பதுதான் பொறியாளர்களின் தலைவலி.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. 2015-ல், பரிசோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்ததாக ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் சிக்கியது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வாகனங்கள் இதில் அடங்கும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் அமலுக்கு வந்தன. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்மாகக் குறைக்கப்பட்டது. கரித்துகளைப் பிடிக்க ஃபில்டர், நைட்ரஜன் ஆக்சைடை முறிக்க யூரியா கரைசல் என்று கருவிகள் சேர்ந்தன. செலவும் சேர்ந்தது. சிறிய டீசல் கார்களுக்கு இது கட்டுப்படியாகாத நிலை வர, மாருதி சுசுகி அந்த ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திவிட்டது.

செய்யவே கூடாத தவறுகள்

இதுவரை பார்த்ததை வைத்து, நம் வண்டிக்கும் உயிருக்கும் தேவையான சில எச்சரிக்கைகள்.

டீசல் டேங்கில் பெட்ரோல் ஊற்றிவிட்டால்: வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். பல கார்களில் சாவியைத் திருப்பினாலே பம்ப் ஓடி, பெட்ரோலை இன்ஜின் வரை கொண்டுபோய்விடும். பெட்ரோல் சரியான நேரத்தில் பற்றாது என்பது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரியது, டீசல்தான் உயர் அழுத்த பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு எண்ணெய் போல இருக்கிறது. பெட்ரோலுக்கு அந்த வழவழப்பு கிடையாது. உலோகம் உலோகத்தோடு உரசி, பொடி உதிர்ந்து, மொத்த அமைப்பும் கெட்டுப்போகும். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் செலவு சிறியது. ஓட்டிவிட்டால் பெரியது.

டீசலைக் காலியாகும்வரை ஓட்டினால்: குழாய்க்குள் காற்று புகுந்து 'ஏர் லாக்' ஆகிவிடும். பம்ப் தள்ளும்போது டீசலுக்குப் பதில் காற்றுக் குமிழி சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். இன்ஜெக்டர் திறக்காது. பல வண்டிகளில், மறுபடி டீசல் ஊற்றினாலும் அந்தக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகும்.

மழை வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால்: ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே சொன்ன கணக்குப்படி 33 மில்லிக்கு மேல் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் போதும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பெட்ரோல் வண்டிக்கும் இது பொருந்தும். டீசலில் மிச்ச இடம் இன்னும் குறைவு என்பதால் ஆபத்து அதிகம்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஸ்ப்ரே அடித்தால்: ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே மிக எளிதில் பற்றும். க்ளோ பிளக் உள்ள இன்ஜினில் இது நேரம் தவறி வெடித்து இன்ஜினையே உடைக்கலாம். அருகில் இருப்பவருக்கும் ஆபத்து.

சாவியை அணைத்தும் இன்ஜின் நிற்கவில்லை என்றால்: பெட்ரோல் வண்டியில் மின்சாரத்தை நிறுத்தினால் பொறி நின்றுவிடும். டீசலில் நிறுத்தப் பொறியே இல்லை. எரிபொருளை நிறுத்தினால்தான் இன்ஜின் நிற்கும். பழைய லாரி, டிராக்டர்களில் 'ஸ்டாப்' என்று இழுக்கும் குமிழ் இருப்பது அதற்குத்தான். டர்போ பழுதாகி இன்ஜின் ஆயிலே சிலிண்டருக்குள் கசிந்தால், இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு வெறிபிடித்தது போல வேகமெடுக்கும். கியர் வண்டி என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு கிளட்சை விட்டால் நிற்க வாய்ப்புண்டு. முடியாவிட்டால் வண்டியை விட்டு விலகி நில்லுங்கள். காற்றுக் குழாயைக் கையால் மூட முயலாதீர்கள்.

இன்ஜெக்டர் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்த்தால்: மெக்கானிக்குகளும் விவசாயிகளும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே திசுக்கள் அழுகி, விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே மருத்துவமனைக்குப் போய், 'உயர் அழுத்த டீசல் உள்ளே போய்விட்டது' என்று சொல்ல வேண்டும். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஎன்ஜி பஸ்ஸில் மட்டும் ஸ்பார்க் பிளக் இருக்கிறதே?
ஆமாம். சிஎன்ஜியில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். அது தானாகப் பற்ற 500 டிகிரிக்கும் மேல் வேண்டும். அமுக்கத்தை மட்டும் நம்பி அதைப் பற்றவைப்பது கடினம். அதனால்தான் டீசல் இன்ஜினை முழு சிஎன்ஜிக்கு மாற்றும்போது இன்ஜெக்டர் இருந்த இடத்தில் ஸ்பார்க் பிளக் வைக்கிறார்கள்.

டீசல் பைக் ஏன் வரவில்லை?
வந்தது! ராயல் என்ஃபீல்டு ஒரு காலத்தில் 325 சிசி டீசல் புல்லட் விற்றது. மைலேஜ் அபாரம். ஆனால் சக்தி 6.5 குதிரைத்திறன்தான். அதிர்வும் எடையும் அதிகம். புகை விதிகள் இறுகியதும் அது நிலைக்கவில்லை.

பெட்ரோலையும் அமுக்கியே பற்றவைக்க முடியாதா?
முயன்றிருக்கிறார்கள். மஸ்டா நிறுவனம் 2019-ல் இப்படி ஒரு இன்ஜினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதிலும் ஸ்பார்க் பிளக் உண்டு. ஒரு சிறு பொறியால் அழுத்தத்தைக் கூட்டி, மீதிக் கலவையைத் தானாகப் பற்ற வைக்கிறார்கள். முழுக்கப் பொறியை விட்டுவிட அவர்களாலும் முடியவில்லை.

அடுத்த முறை பங்கில் "பெட்ரோலா, டீசலா?" என்று கேட்டால், போனை ஒரு நிமிடம் கீழே வையுங்கள். பதிலைச் சொல்லிவிட்டு, ஊழியர் எந்த பம்பை எடுக்கிறார் என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். தவறு நடந்துவிட்டால் சாவியைத் தொடாமல் வண்டியைத் தள்ளுங்கள். ஒரு டேங்க் எரிபொருளின் விலையோடு போகும்.